ஒரே வருஷம்... எத்தனை நம்பர்?

இந்த வாரம் ஒரு ஈஸியான கூட்டல். 1140 + 824 எவ்வளவு? 1964. கரெக்ட்தானே? இந்தக் கரெக்ட்டான விடையால எங்க ஆச்சிக்கு ஒரு நாள் கூலி போச்சு. எனக்கு வீட்ல இருந்த 'இன்ஜினீயர்' பட்டமும் போச்சு!

நம்ம ஊர் நாகலாபுரம். கோவில்பட்டியில இருந்து கிழக்கே, விளாத்திகுளம் பக்கம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரிசல் காடு. மழை பெஞ்சா செருப்பு ரெண்டும் ஆளுக்கு ஒரு கிலோ மண்ணைச் சுமந்துகிட்டு வரும். ஆச்சி மிளகாய்ப் பழம் எடுக்கப் போகும். 2024 தை மாசம் ஒரு நாள் ராத்திரி, "எலே, எனக்கு அறுபது முடிஞ்சிட்டான்னு பாரு. முதியோர் பென்சனுக்கு எழுதிப் போடணும்"னு சொல்லி, டிரங்குப் பெட்டியில இருந்து பழைய ஜாதக நோட்டை எடுத்துக் கொடுத்துச்சு.

அதுல இங்கிலீஷ் தேதியே இல்லை. கொல்லம் 1140, குரோதி வருஷம், தை மாசம். அவ்வளவுதான்.

கொல்லம் ஆண்டுன்னா கேரளாக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. திருநெல்வேலிச் சீமையில ஜாதகம், பத்திரம், கோயில் கணக்கு எல்லாத்துலயும் புழங்கினது. உங்க வீட்டு தினசரி காலண்டர்ல இப்பவும் ஒரு ஓரமா பொடி எழுத்துல இருக்கலாம், பாருங்க. அதோட 1-ம் வருஷம் தொடங்கினது கி.பி. 825-ல. அப்ப 824-ஐக் கூட்டினா போதும்னு கூட்டினேன். 1964 தை! "ஆச்சி, அறுபது முடிஞ்சிருச்சு"ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். மறுநாள் வேலைக்குப் போகாம, பஸ் ஏறி ஆபீஸுக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பி வந்துச்சு. ஆதார்ல 1965-னு இருக்கு, அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்லிட்டாங்களாம். ஆபீஸ்காரங்க மேல துளி தப்பில்லை. தப்பு நம்ம மேல.

எங்க சொதப்பினேன் தெரியுமா? நம்ம பக்கம் கொல்லம் ஆண்டு ஜனவரியில பிறக்காது, சித்திரையிலயும் பிறக்காது. ஆவணி 1-ல பிறக்கும். அதனால ஆவணியில இருந்து டிசம்பர் 31 வரைக்கும்தான் 824. ஜனவரி பிறந்துட்டா ஆடி முடியுற வரைக்கும் 825. தை மாசத்துக்கு 825-ஐக் கூட்டியிருக்கணும். ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கு இந்த ஒண்ணு இடிக்கிற நோய் நல்லாவே தெரியும். லூப்பை 0-ல ஆரம்பிக்கவா, 1-ல ஆரம்பிக்கவான்னு லேப்ல எத்தனை தடவை முழிச்சிருப்போம்!

இத்தனைக்கும் அந்த நோட்டுலயே விடை இருந்துச்சு. குரோதி வருஷம் ஓடினது 1964 ஏப்ரல்ல இருந்து 1965 ஏப்ரல் வரைக்கும். அதுல வர்ற தை 1965-லதான் விழும். ரெண்டு கணக்கும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல இருந்தும், ஒண்ணை மட்டும் பார்த்துட்டு ஓடிட்டேன்.

இந்தக் கடுப்புலதான் பழைய தேதிகளைத் தோண்ட ஆரம்பிச்சேன். முதல்ல போனது கழுகுமலை. கோவில்பட்டியில இருந்து சுமார் 20 கிலோமீட்டர். வெட்டுவான் கோயில், பாறையில வரிசையா சமணச் சிற்பங்கள், கூடவே கல்வெட்டுகள். நம்மாளுங்க நிறைய பேர் போய் செல்ஃபி எடுத்திருப்பீங்க. அந்தக் கல்வெட்டுகள்ல வருஷம் இருக்கு. ஆனா எப்படி? 'மாறஞ்சடையன் பட்டத்துக்கு வந்து இத்தனாவது ஆண்டு'ன்னு. ராஜா மாறினா மீட்டர் ஜீரோ ஆகி, மறுபடி 1-ல இருந்து ஓடும். சரி, அந்த மாறஞ்சடையன் யாருன்னு பார்த்தா அங்கயும் சிக்கல். பராந்தக நெடுஞ்சடையனும் மாறஞ்சடையன், அவர் பேரன் இரண்டாம் வரகுணனும் மாறஞ்சடையன்! தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கம் நம்ம வீட்லயும் உண்டே. எனக்கே எங்க தாத்தா பேருதான். போஸ்ட்மேன் இன்னிக்கும் குழம்புவார்.

தாத்தாவையும் பேரனையும் எப்படிப் பிரிக்கிறது? இங்கதான் என் ஜாதக நோட்டு மாதிரி, ரெண்டு கணக்கு ஒண்ணா இருக்கிற கல் வேணும். தாத்தாவுக்கு மதுரை பக்கத்துல ஆனைமலை. அவரோட மந்திரி மாறன் காரி குடைஞ்ச நரசிங்கப் பெருமாள் கோயில் கல்வெட்டு கலி 3871-னு சொல்லுது. கி.பி. 770. பேரனுக்கு பழனி பக்கம் ஐவர்மலை. என்னைக் கேட்டா அந்த மலைக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம். சாந்திவீரக்குரவர்ங்கிற சமணத் துறவி அங்க பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கி உருவங்களையும் புதுப்பிச்சு, பூஜைக்கும் சாப்பாட்டுக்கும் 505 காணம் பொன் வச்சார். அதைக் கல்லுல வெட்டும்போது தேதியை ரெண்டு விதமாப் போட்டாங்க. வரகுணனுக்கு 8-ம் ஆண்டு. சகம் 792 முடிஞ்ச பிறகு. 792-ஓட 78-ஐக் கூட்டுங்க. கி.பி. 870. அதுல இருந்து பின்னாடி எண்ணினா, வரகுணன் பட்டத்துக்கு வந்தது 862 வாக்குல. இந்த ஒத்தைக் கல்லை ஆணியா அடிச்சுத்தான் அவரோட மத்த கல்வெட்டு எல்லாத்தையும் வரிசையா மாட்டி வச்சிருக்காங்க.

கவனிச்சீங்களா? சக வருஷத்தை 'முடிஞ்சது'ன்னு எண்ணுறாங்க. ராஜா வருஷத்தை 'நடக்குது'ன்னு எண்ணுறாங்க. ஒரே கல்லுல 0-ல ஆரம்பிக்கிற கணக்கும் 1-ல ஆரம்பிக்கிற கணக்கும்!

சரி, அந்த 870-ஐயே பிடிச்சுக்குவோம். கலிக் கணக்குல அது 3971. நம்ம கொல்லத்துல ஆடி வரைக்கும் 45, ஆவணி பிறந்தா 46. அராபியாவுல ஹிஜ்ரி 256. இதை 870-ல இருந்து 622-ஐக் கழிச்சுக் கண்டுபிடிக்கப் பார்த்தா 248-தான் வரும். மீதி 8 எங்கே? ஹிஜ்ரி நிலாக் கணக்கு, வருஷத்துக்குச் சுமார் 354 நாள்தான். வருஷா வருஷம் 11 நாள் சேர்ந்து சேர்ந்து 8 வருஷம் முந்திடுச்சு. ஹதீஸ் தொகுத்த இமாம் புகாரி இறந்தது அந்த 256-லதான். சீனாவுல அது சியான்டோங் 11. அதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி, சியான்டோங் 9-ல அச்சடிச்ச வைர சூத்திரம் இன்னிக்கும் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. தேதி போட்டுக் கிடைச்ச அச்சுப் புத்தகங்கள்ல அதுதான் மூத்தது. அந்த வருஷத்தை 870-னு சொன்னவங்க அன்னிக்கு ஐரோப்பாவுல கொஞ்சப் பேர்தான். ஐவர்மலையில அந்த நம்பரைச் சொல்லியிருந்தா யாருக்கும் புரிஞ்சிருக்காது.

ஐரோப்பாவுலயும் ஒரு ஆள் என்னை மாதிரியே மாட்டியிருக்கார். கிழக்கு ஆங்கிலியா ராஜா எட்மண்டை வைக்கிங்குகள் கொன்னது 870-லன்னு ஆங்கிலோ சாக்ஸன் நாளேட்டுல இருக்கு. ஆனா பல வரலாற்றாளர்கள் 869 நவம்பர்னு சொல்றாங்க. காரணம், அந்த நாளேட்டுக்கு வருஷம் பிறந்தது செப்டம்பர்லயாம். இதைப் படிச்சப்ப எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா! ஆச்சிகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். "அந்த ராசாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சாக்கும்?"னு கேட்டுச்சு. பதில் இல்லை.

குரோதி 60 வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1904, 1964, 2024. அதாவது ஆச்சி பிறந்த அதே குரோதி திரும்பி வந்து, அதுல தை பிறந்தப்பதான் அதுக்கு நிஜமாவே அறுபது முடிஞ்சது. 2025 தை மாசம் மறுபடி எழுதிப் போட்டோம். இந்தத் தடவை ஃபார்ம்ல தேதியை எழுதினது நான் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா. நான் எழுதுறேன்னு பேனாவை எடுத்தேன். ஆச்சி பேனாவைப் பிடுங்கி அக்கா கையில கொடுத்துருச்சு.