வீதிப் பெயர் கேட்கும் பெட்டி

கொழும்பில் புதிதாய்த் தொடங்கிய கணினிக் கம்பனி ஒன்று 'எல்லா சமூகத்தவருக்கும் இடமுண்டு' என்று விளம்பரம் போட்டிருந்தது. நல்ல விஷயம்தான். மகள் போனிலேயே வேலைக்கு விண்ணப்பித்தாள். வீட்டிலக்கம், வீதிப் பெயர் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏது வீதி? எங்களுக்குக் கடிதமே தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். பிரித்த கடிதமும் வந்ததுண்டு.

1948இல் மலையகத் தமிழரான எங்களவரின் குடியுரிமையைப் பறித்தார்கள்; அது திரும்பக் கிடைக்காமல் மிச்சமிருந்தவர்களுக்கும் 2003 சட்டம் வழிவிட்டது. வாக்கு வந்தது, முகவரி வரவில்லை.

எல்லோருக்கும் இடமுண்டு என்று கொள்கை எழுதும் கம்பனிகள் முதலில் அந்த முகவரிப் பெட்டியைத் திருத்தட்டும். நேர்முகத்தை ஒருநாள் மலையகத்து ஹட்டனில் வைக்கட்டும். கொழும்பில் வாடகை அறைக்கு முற்பணமும் கொடுக்கட்டும். 2024இல்தான் நாட்சம்பளமே 1,350 ரூபாயானது; அதில் கொழுந்தெடுக்கிற ஒரு அம்மா எதை மிச்சம்பிடித்திருப்பாள்?

மகள் கடைசியில் ஹட்டன் பஜாரில் மாமா வேலைசெய்யும் புடவைக்கடை முகவரியைப் போட்டாள். பக்கம் திறந்தது.