படைவீரரின் துயரைக் கேட்பவருக்கு அங்கீகாரம் எங்கே?

1997 முதல் 2021 வரை ஆஸ்திரேலியப் படைகளில் பணியாற்றியவர்களில் குறைந்தது 1,677 பேர் தற்கொலையால் இறந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் களப்பணியில் மாண்டவர்களைவிட இது இருபது மடங்குக்கும் அதிகம். நிக் கால்டாஸ் தலைமையிலான அரச ஆணைக்குழு 2024 செப்டம்பரில் அளித்த இறுதி அறிக்கையின் கணக்கு இது. அதன் 122 பரிந்துரைகளில் 104ஐ அரசு முழுதாகவோ கொள்கையளவிலோ ஏற்றது. வரவேற்கிறோம். ஆனால் எந்தப் பரிந்துரையும் கடைசியில், படைவீரருக்கு எதிரே அமர்ந்து கேட்கும் ஒரு மனிதரை நம்பித்தான் இருக்கிறது. அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் போராடிப் பெற்ற உளவளத்துணைச் சேவை 1982இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் ‘ஓப்பன் ஆர்ம்ஸ்’. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் அழைக்கலாம். பக்கத்தில் விழுந்த தோழனைப் பற்றியும், படைக்குள்ளேயே நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றியும் நாள்தோறும் கேட்பவருக்கும் தூக்கம் கெடும். படைக்குள் பணிபுரியும் உளவியலாளரின் சுமை வேறு. மனம் திறந்தால் வேலை போய்விடுமோ என்று வீரர் அஞ்சுகிறார். அவருடைய நம்பிக்கைக்கும் படைத் தலைமைக்கும் நடுவே இவர் நிற்கிறார். இத்தனைக்கும் பிறகு அவர்கள் இந்தப் பணியை விடாமல் செய்கிறார்கள் என்றால், அது ஈடுபாடு. அந்த ஈடுபாட்டை மட்டுமே நம்பி ஒரு நாடு சேவை நடத்தக் கூடாது.

இந்நாட்டில் உளவியலாளருக்குச் சட்டப்படி தேசியப் பதிவு உண்டு. உளவளத்துணையாளருக்கு இல்லை, பயிற்சியே பெறாதவரும் அந்தப் பெயர்ப்பலகையை மாட்டலாம். முறையாகப் படித்தவருக்கு இதைவிட அவமதிப்பு வேறில்லை. கிளேட்டனில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உளவளத்துணையில் முதுகலை படிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். 2025 ஜூலையில் தொடங்கிய களப்பயிற்சி உதவித்தொகை ஆசிரியம், தாதியியல், மகப்பேற்றுத் தாதியியல், சமூகப்பணி மாணவர்களுக்கு மட்டுமே. உளவளத்துணையும் உளவியலும் அதில் சேர்க்கப்படவில்லை.

போர் மனத்தை என்ன செய்யும் என்று ஈழத்தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக நின்ற தயா சோமசுந்தரம் பின்னர் அடிலெய்டிலும் பணியாற்றினார். அந்த அனுபவம் உள்ள சமூகம் இதில் வாய்மூடி இருக்கக் கூடாது.

உளவளத்துணையாளருக்குத் தேசியப் பதிவும், மாணவருக்கு உதவித்தொகையும், படைவீரரைக் கவனிப்போர் அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய ஓய்வும் மேற்பார்வையும் வேண்டும். கிளேட்டன் வாசகர்களே, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை இந்த வாரமே எழுதுங்கள்.