மாற்றி வாங்குவதற்கு முன் திறந்து பாருங்கள்

நம் பிள்ளைகள் பலர் இப்போது வீணை, வயலினோடு பேஸ் கிட்டாரும் கற்கிறார்கள். இளையராஜா பாடல்களில் ஊறிய நமக்கு அந்த நான்கு தந்திகளின் அருமை தெரியாததல்ல. குறைந்த விலையில் ஒன்று வாங்கித் தருகிறோம். ஆறே மாதத்தில், “இரைகிறது, நாதமே இல்லை, நல்லதாக வேறு வேண்டும்” என்கிறார்கள். சிலர் கடன் வாங்கியாவது வாங்கித் தருகிறார்கள். சிலர் “படிப்பைப் பார்” என்று அதட்டுகிறார்கள். இரண்டும் வேண்டாம், பிள்ளையே அதைத் திறந்து சரிசெய்யட்டும் என்பது என் கட்சி.

உள்ளே மாயம் ஒன்றுமில்லை. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ கிட்டாரைக் கொண்டுவந்த காலத்து ஏற்பாடுதான் பெரும்பாலும் இன்றும். காந்தத்தைச் சுற்றி, தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள், இதுதான் பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்ட உண்மை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். அப்புறம் வால்யூம், டோன் திருகுகள், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக். அவ்வளவே.

ரயில் பெட்டி குலுங்கினால் உடனே எஞ்சினை மாற்றுவதில்லை. தண்டவாளம், சக்கரம், ஸ்பிரிங் என்று வரிசையாகப் பார்ப்போம். இங்கும் வரிசை உண்டு. முதலில் புதுத் தந்தி. அடுத்து, பிக்கப்பின் உயரத்தைத் திருப்புளியால் சரிசெய்வது. தந்திக்கு அருகே வந்தால் ஒலி கூடும். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். திருகும்போது கரகரத்தால் பொட்டன்ஷியோமீட்டரை மாற்றலாம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு வழக்கமாக 250 கிலோ ஓம். டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். மதிப்பைக் கூட்டினால் டோனைக் குறைக்கும்போது ஒலி இன்னும் மங்கும். 50 சைக்கிள் மின்சார இரைச்சல் தொல்லை தந்தால், உட்குழிவில் செப்புத் தகடு ஒட்டி கிரவுண்டோடு இணைத்தால் ஓரளவு அடங்கும். பிக்கப்பை மாற்றுவது கடைசி. வளைந்த கழுத்தை எந்தப் பிக்கப்பும் நிமிர்த்தாது.

டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட், மும்பை லேமிங்டன் ரோடு, கொல்கத்தா சாந்தினி சௌக், பெங்களூரு எஸ்.பி. ரோடு என்று எங்கிருந்தாலும் இந்தச் சில்லறைச் சாமான்கள் கிடைக்கும். “சால்டரிங் செய்து கெடுத்துவிடுவானே” என்பார்கள். கெடட்டுமே! கெடுத்துக் கற்க மலிவு வாத்தியத்தைவிட நல்லது எது? விலை உயர்ந்ததில் யாரும் கைவைக்க விடமாட்டார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு. கிட்டாரின் தந்திகள் கிரவுண்டோடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லாமல் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் நேரே கைக்கு வரும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கலைஞர் கிட்டாரும் கையுமாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வாடகை வீட்டில் மூன்று துளை பிளக் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எர்த் கம்பி உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். ஆம்ப்ளிஃபயரைப் பிள்ளை திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழுதானதைத் தூக்கி எறியாமல் காரணம் தேடும் குணம் கடையில் விலைக்குக் கிடைக்காது. ஒரு சால்டரிங் அயர்னும் பெற்றோரின் கொஞ்சம் பொறுமையும் அதைத் தரும்.