வலிப்பதற்கு முன்பே வாயைத் திறங்கள்

பல் வலித்தால்தான் பல் டாக்டர் என்பது நம் வழக்கம். கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், மருந்துக் கடை மாத்திரை எல்லாம் கைவிட்ட பிறகே அந்த நாற்காலியில் போய்ச் சாய்கிறோம். ஆனால் பல் விஷயத்தில் வலி என்பது கடைசியாக வந்து சேரும் சேதி. உடலிலேயே மிகக் கடினமான பொருளான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதைத் துளைக்கும்போது எதுவும் தெரியாது. கூச்சம் ஆரம்பித்தால் அடுத்த அடுக்கை எட்டிவிட்டது என்று அர்த்தம். தூக்கம் கெட்டால் அநேகமாக நடுவிலுள்ள நரம்பையே தொட்டுவிட்டது. அடைப்பதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை வேர் சிகிச்சையாக வளர்கிறது. செலவும் கூடவே வளர்கிறது.

வழக்கமான பரிசோதனை என்பது வலிக்காததைத் தேடும் வேலை. டாக்டர் முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மருந்துகள் பற்றி விசாரிப்பார். பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சல்பட வேண்டாம். சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். பிறகு சிறு கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார். அளவுக் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். 3 மி.மீ. வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால் ஈறைக் கவனிக்க வேண்டும். பல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் சொத்தையைப் பிடிக்கத் தேவைப்பட்டால் எக்ஸ்ரே.

அடுத்து, காரை எடுப்பது. பலர் பயப்படுவது இங்கேதான். 'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்ற நம்பிக்கை அவ்வளவு பலமானது. நடப்பது வேறு. பல்லில் படியும் அழுக்கு, உமிழ்நீரிலுள்ள கால்சியத்தால் இறுகிக் காரையாகிறது. அதில் குடியேறும் கிருமிகளால் ஈறும் எலும்பும் கரைகின்றன. கரைந்த இடத்தில் காரையே முட்டுக் கொடுத்து நிற்கிறது. அதை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பழி மட்டும் டாக்டர் மீது.

இந்த நாட்டில் பரிசோதனையின் முக்கியமான நிமிடமோ பல்லைப் பற்றியதே அல்ல. நாக்கின் ஓரம், அடிப்புறம், கன்னத்தின் உட்பக்கம் ஆகியவற்றைப் பார்க்கும் நிமிடம் அது. இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. புகையிலையும் பாக்கும் முக்கியக் காரணங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், முன்போல் திறக்க மறுக்கும் வாய் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் பல வலிப்பதே இல்லை.

இந்த ஒரு நிமிடத்தின் மதிப்பைக் காட்டியது கேரளம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில் 35 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 1.9 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்ணால் பார்த்தார்கள். பெரிய எந்திரம் எதுவும் இல்லை. 2005-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போவது? ஆறு மாதம் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி அல்ல. வாய் ஆரோக்கியமாக இருந்தால் இடைவெளி கூடலாம். சர்க்கரையோ புகையிலையோ இருந்தால் குறைய வேண்டும். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். பான், குட்காப் பழக்கத்தை அவரிடம் மறைக்காதீர்கள். பல்லை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், நாக்கையும் கன்னத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.