பாவையை அடித்த கை

திரையில் குத்தும் வெட்டும் கண்ட இளைஞன் தெருவிலும் அதையே செய்வான் என முழங்குவோர், 1961-ஆம் ஆண்டின் பாண்டுரா ஆய்வைச் சான்று காட்டுவர். அமெரிக்காவின் இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், 72 குழந்தைகளுள் 24 பேர் கண்முன், காற்றடைத்த பாவையொன்றைப் பெரியவர் ஒருவர் கொட்டாப்புளியால் அடித்தார், உதைத்தார். கண்ட குழந்தைகள், காணாதாரினும் மிகுதியாய் அவ்வாறே அடித்தனர். 1963-இல் அதே அடியைப் படமாகக் காட்டியபோதும் முடிவு மாறவில்லை.

பார்த்தது கையில் இறங்கும் என்பது உண்மையே. ஆனால், அடித்தால் சாய்ந்து மீண்டெழுமாறே செய்யப்பட்ட பாவை அது. அதை அடித்தவன் உடன்பிறந்தானையும் அடிப்பான் என்பது எங்ஙனம் பெறப்படும்? வன்முறைக் கணினி விளையாட்டிற்கும் கத்துதல், தள்ளுதல் போன்றவற்றிற்கும் சிறு தொடர்பு உண்டு. கொடுஞ்செயல்களுக்கு அதனையே கரணியமாக்கப் போதிய சான்றில்லை என்றே அமெரிக்க உளநூற் கழகமும் 2020-இல் உரைத்தது.

படத்தைப் பழிப்பது எளிது, பழிப்பவர்க்குச் செலவில்லை. பாண்டுரா முதலிற் காட்டியது படமன்று; கண்ணெதிரே நின்று அடித்த பெரியவரை. அப்பெரியவர் இன்றும் எத்தனை வீடுகளில், எத்தனை வகுப்பறைகளில், கையிற் பிரம்போடு நின்றுகொண்டே திரைப்படத்தைத் திட்டுகிறார்!