கவிழ்த்து வைக்கிற சாமர்த்தியம்

சீட்டுக்கட்டைக் கண்டதும் முகம் சுளிக்கிற ஆள் அல்ல நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றுக்குப் பக்கத்துத் தெருத் திண்ணை ஒன்றில் பல வருஷம் மத்தியான வேளைகளில் ரம்மி ஆடியிருக்கிறேன். எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பூ விவசாயி. விடியுமுன்னே மல்லிகை மொட்டுப் பறித்து, மார்க்கெட்டில் போட்டு, வீட்டுக்கு வந்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் திண்ணைக்கு வருவார். நான் சேராத கையை வைத்துக்கொண்டு விழித்தால் அவருக்குப் பொறுக்காது.

"அதையக் கட்டீட்டு எதுக்குங்க தம்பி அழுவறீங்க? கவுத்து வெச்சுப் போடுங்க. இருபதோட போகுது."

எங்கள் திண்ணைக் கணக்கு அது. முதல் சீட்டை எடுக்கும் முன்பே விலகினால் 20 புள்ளி. அதை 'ஸ்கூட்' என்போம். ஆடத் தொடங்கிய பிறகு விலகினால் 40. அடுத்த சீட்டு வரும், ஜோக்கர் வரும் என்று கடைசி வரை காத்திருந்தால் 80 வரை ஏறும். பெரியவர் பத்துக் கைக்கு நாலைந்தைக் கவிழ்த்துவிடுவார். ஜெயித்த கையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருப் பையன் ஒருவன் கைபேசியில் ரம்மி ஆடி, தாயாரின் வளையல்களை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டான். கண்டித்தபோது என்னிடம் சட்டம் பேசினான்: "இது சூதாட்டம் இல்லைங்க. திறமை ஆட்டமுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குது."

நான் சண்டைக்கு நிற்பது இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

கோர்ட்டு சொன்னது உண்மை. 1967இல் ஆந்திர அரசு தொடுத்த வழக்கில், விழுகிற சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதற்கும் திறமை வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதே தீர்ப்பு, பணம் வைத்து நடக்கும் ஆட்டத்தில் இடம் கொடுத்த வீட்டுக்காரனோ கிளப்போ லாபம் சம்பாதித்தால் அது குற்றமாகலாம் என்றும் சொல்லிற்று. இந்தப் பாதியை விளம்பரக்காரர்கள் நமக்குப் படித்துக் காட்டவில்லை. நாமும் கேட்கவில்லை.

சரி, திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு திறமை? 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், இருவர் ஆடும் 'லிமிட் ஹோல்டெம்' என்ற போக்கர் ஆட்டத்துக்குக் கம்ப்யூட்டரால் விடை கண்டார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக; ஐந்து சீட்டு பொதுவாக மேஜைமேல். பந்தயத் தொகைக்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு முறையும் ஈடு கட்டலாம், ஏற்றலாம், அல்லது கவிழ்த்து வைக்கலாம். இவ்வளவு சின்ன ஆட்டத்துக்கு 4,800 பிராஸஸர்கள் 68 நாட்களுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. நம் பையனோ ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு, முகம் தெரியாத ஆட்களோடு, அதே திறமையை நம்பி உட்கார்ந்தான்.

அந்த இயந்திரம் கற்ற விதம்தான் எனக்கு அதிசயம். ஒவ்வொரு முடிவிலும், "வேறு விதமாகச் செய்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?" என்று கணக்கிட்டு, அடுத்த முறை தன்னைத் திருத்திக்கொண்டது. அந்தக் கணக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'வருத்தம்'. வருத்தம் இயந்திரத்தைத் திருத்தியது. மனிதனை என்ன செய்கிறது? "விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடறேனுங்க" என்றான் பையன். போன பணம் போனதுதான். அடுத்த கைக்கு அதனோடு சம்பந்தமே இல்லை. இதை அறியாதவன் எத்தனை சீட்டை ஞாபகம் வைத்தாலும் திறமைசாலி அல்ல.

இன்னொன்று. திண்ணையில் என் பணம் பெரியவரிடம் போகும், மறுநாள் திரும்பும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மேஜைக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டால், சமமான இரண்டு சாமர்த்தியசாலிகளும் நாளடைவில் தோற்றே தீருவார்கள்.

"விவசாயமும் சூதாட்டந்தானே?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இல்லை ஐயா. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும், மற்ற நாளில் விழும், அது மெய். ஆனால் பூ விற்றவன் கையில் காசு, வாங்கியவள் தலையில் பூ. சீட்டில் ஒருவன் லாபம் இன்னொருவன் வீட்டு வளையல்.

சட்டமும் கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது. 2022இல் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றிய தடையைக் கவர்னர் திருப்பி அனுப்பினார்; 2023இல் அது மறுபடி நிறைவேறிச் சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று அவற்றுக்கான தடையை விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பாராமல், இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்தது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் கடையைத்தான் மூடும். "எனக்குத் திறமை இருக்கிறது" என்ற மயக்கத்தை மூட எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

வளையல் இன்னும் மீளவில்லை. பையன் ஒரு கடையில் வேலைக்குப் போகிறான். மாதாமாதம் வட்டி கட்டுகிறான். முன்போல் "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று சொல்வதில்லை. பெரியவர் சொல்லிக் கொடுத்த சாமர்த்தியம் அது ஒன்றுதான். இவனுக்கு அது இருபதோடு வந்திருக்க வேண்டும். எண்பதைக் கொடுத்த பிறகு வந்தது.