ஆள் இல்லாமல் காவல் ஏது?

விநாயகர் சதுர்த்தி வந்தாலும், தேர்தல் வந்தாலும் மும்பைப் போலீசாருக்கு முதலில் பறிபோவது விடுமுறைதான். நிலையத்தில் இருப்பவர்களே பந்தோபஸ்துக்கும் போகிறார்கள். தாராவியில் பொருளைப் பறிகொடுத்தவரின் புகாரை யார் விசாரிப்பது? கண்விழித்துக் களைத்த போலீஸ்காரரைத் திட்டிப் பயன் இல்லை.

2016-ல் தேவ்னார் போலீஸ் நிலையத்தில் எட்டு மணி நேரப் பணி சோதனை முறையில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால், பன்னிரண்டு மணி நேரம் வீதம் இருவர் பார்த்த வேலைக்கு இப்போது மூவர் வேண்டுமே!

10 லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களிலாவது முதலில் புலன்விசாரணையைத் தனியே பிரிக்க வேண்டும் என்று 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. மராட்டிய அரசு காலியிடங்களை உடனே நிரப்பட்டும். விசாரணை அதிகாரிகளைப் பந்தோபஸ்துக்கு அனுப்புவதையும் நிறுத்தட்டும்.